எலி கடித்த குழாய்

எட்டு வயதில் நான் ஒரு வண்டியைச் சாகடித்துவிட்டேன் என்று மூன்று நாள் நம்பிக்கொண்டு திரிந்தேன். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுவலியாக்கும் என்று அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். உண்மையைச் சொல்வதைவிட அதுவே தேவலை என்று அதையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துத் தொலைத்தேன்.

வண்டி என்றால் லாரியோ காரோ இல்லை, லோடர். எழுபதுகளில் மகாபலிபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஒன்று வேறு யாரிடமும் கிடையாது. மாட்டுவண்டி அளவே உடம்பு. முன்னால் இரண்டு இரும்புக் கைகள், அவற்றின் நுனியில் ஜல்லி அள்ள ஒரு பக்கெட். மெட்ராஸ் ஹார்பரில் கப்பலுக்குள் இறங்கிச் சரக்கு அள்ளிய வண்டி அது. பழசாகிவிட்டது என்று ஏலம் விட்டபோது அப்பா எடுத்துவந்தார். கடலோர ரோட்டுக்கு ஜல்லி ஏற்றிவிடுகிற கான்ட்ராக்ட் அவருக்கு.

வண்டியைத் தொடர்ந்து மாமாவும் வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. கடப்பாக்கத்துக்காரர். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தரம் கோட்டைவிட்டு, ஹார்பரில் லோடர்களைத் துடைக்கிற வேலைக்குப் போய், துடைத்துத் துடைத்தே ஓட்டவும் கற்றுக்கொண்டவர். எங்கள் வீட்டில் அப்பா இருக்கும்போதும் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். அப்பாவுக்கு அது பிடிக்காது. பெண்டாட்டியின் தம்பி ஓட்டுகிற வண்டி என்றைக்காவது காலை வாரும் என்று முதல் நாளிலிருந்தே காத்திருந்தார்.

பக்கெட்டைத் தூக்குவது ஜாக்கி. எஞ்சின் ஓடினால் எண்ணெய் ரப்பர்க் குழாய் வழியாக ஜாக்கிக்குள் அழுத்தத்தோடு பாயும். உள்ளேயிருந்து பளபளவென்று ஒரு ராடு எழும்பி வரும், பக்கெட் உயரும். அந்த ராடில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று மாமா தினமும் அதைத் துணியால் துடைப்பார். அதில் ஒரு தூசி ஒட்டினாலும் ஜாக்கிக்குள் போய் அறுத்துவிடும், யாரும் கைவைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

ஆயுத பூஜை வந்தது. பக்கெட்டை உயரத் தூக்கிச் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து, வண்டியைக் கழுவி மாலை போட்டார்கள். சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலை எனக்கு. சக்கரத்துக்கு வைத்தேன், விளக்குக்கு வைத்தேன், ஸ்டியரிங்குக்கு வைத்தேன். அத்தனை அழகான ராடு மட்டும் மூளியாக நிற்பதா? மாமாவின் சட்டம் எனக்கு நினைவிருந்தது. இருந்தும் சந்தனத்தைக் குழைத்து மூன்று பட்டை இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல நகர்ந்துவிட்டேன்.

அன்றைக்குக் கடல்காற்று தட்டில் கற்பூரத்தை எரியவிடவில்லை. ஒரு தரம் அணைந்தது. இரண்டாந்தரமும் அணைந்ததும் அம்மாவின் முகம் சுண்டிப்போனது. மாமா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பூசணிக்காயில் குங்குமம் ரொப்பிக்கொண்டிருந்தார். அப்பா விடுகிற ஆளா? கை நிறையக் கற்பூரத்தை அள்ளினார். இரும்புக் கையும் வண்டியின் உடம்பும் சேர்கிற மூலையில் காற்றுப் படாத இடமாகப் பார்த்து வைத்துக் கொளுத்தினார். ஜெகஜோதியாக எரிந்தது. பக்கத்தில் தட்டு ஏந்தி நின்றவள் நான். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

மறுநாள் வேலை தொடங்கியது. காலையில் பட்டையோடு உள்ளே போன ராடு திரும்பப் பட்டையில்லாமல் வெளியே வந்ததைப் பார்த்தேன். மதியத்துக்குள் தூக்கிய பக்கெட் நிற்காமல் மெதுவாகத் தானே இறங்க ஆரம்பித்தது. ஜாக்கியின் அடியில் எண்ணெய் சொட்டு சொட்டாக விழுந்தது. சனிக்கிழமை புது எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். அதுவும் மண்ணுக்குத்தான் போனது. வண்டி என் சந்தனத்தைத் தின்றுவிட்டுக் கக்குகிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

“ஜாக்கி உள்ள எண்ணெய தடுக்கிற சீல் போச்சுடா. பூஜை வரைக்கும் நல்லாதான இருந்துச்சு? பாறைய தூக்கிகினு இன்னா வித்தை காட்ன?”

“ஒண்ணும் காட்டல மச்சான். ஜல்லிதான் அள்ளினேன்.”

“திங்கக்கிழமை லாரிங்க வந்து நிக்கும். அதுக்குள்ள ஆவலியா, மெட்ராஸ்லேர்ந்து வேற ட்ரைவர கூட்டியாருவேன். நீ ஊருக்குப் போயி உங்கப்பன்கூட கத்தரிக்கா நடு.”

அன்று சாயங்காலம் மாமா சிரிக்கவே இல்லை. அம்மா அடுப்படியில் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள், அவளால் முடிந்தது அவ்வளவுதான். நான் செய்த பாவத்துக்கு மாமா கத்தரிக்காய் நடப்போகிறார் என்று நினைத்து எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அப்பா கையின் கனம் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா ஒரு டின் மண்ணெண்ணெயும் பழைய வேட்டியும் எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பாதி முழுவதையும் துடைத்துக் காயவைத்தார். “சொட்டுற எடம் வேற, ஒழுவுற எடம் வேறயா இருக்கும் மச்சான். பாக்காம ஜாக்கிய பிரிக்க வேணாம்” என்றவர் நேராக உள்ளே போய் அம்மாவின் முகப்பவுடர் டப்பாவோடு வந்தார். ஜாக்கி, ராடு, குழாய், மூட்டு எல்லாவற்றிலும் பவுடரைக் கொட்டி ஊதினார். ஈரம் எங்கே முதலில் தெரிகிறதோ அங்கேதான் ஒழுக்கு. வண்டி கல்யாணப் பெண் மாதிரி வெளுத்துப்போய் வாசனையாக நின்றது. “பாவி, முழு டப்பாடா அது!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எஞ்சினைக் கிளப்ப அவர் ஏறி உட்கார்ந்ததும் நான் வண்டியிடம் ஓடினேன். எப்படியும் தெரியத்தான் போகிறது. “மாமா, நான்தான் ராடுல சந்தனம் வெச்சேன்” என்று கத்திவிட்டு ஓவென்று அழுதேன். அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

“இருங்க மச்சான், அதையுந்தான் பாத்துடுவமே” என்றார் மாமா.

ராடு எழும்பியது. பவுடர் பவுடராகவே இருந்தது. ராடு வெளியே வருகிற வாயைச் சுற்றி ஒரு பொட்டு ஈரம் இல்லை. மாமா என்னைப் பார்த்து, “உன் சந்தனம் ஒண்ணும் பண்ணல, போ” என்றார். அப்பாடா! மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியதில் எனக்கு அங்கேயே பசித்தது.

ஆனால் கொஞ்ச நேரத்தில் ஜாக்கியின் மேல்பக்கத்தில் பவுடர் புள்ளி புள்ளியாக நனையத் தொடங்கியது. எங்கிருந்தோ கண்ணுக்குத் தெரியாத தூறல் விழுவது போல இருந்தது. அப்பா பொறுமையில்லாமல் மேலே போகிற ரப்பர்க் குழாயைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினார். மாமா மேலேயிருந்து ஒரே தாவாகத் தாவி அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். மச்சினன் அப்பாவின் கையில் அடிப்பதா? அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கோச்சிக்காதீங்க மச்சான். கைய வெச்சி தேடக்கூடாது. பீய்ச்சுற எண்ணெ ஊசி மாதிரி தோலுக்குள்ள பூந்துடும். முள்ளு குத்தின மாதிரிதான் இருக்கும். ஹார்பர்ல ஒருத்தனுக்கு அப்படித்தான், வெரலையே எடுத்துட்டாங்க.”

ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து நீளமாகப் பிடித்துக்கொண்டு, எட்ட நின்று அதைக் குழாயோரமாக நகர்த்தினார். ஓர் இடத்தில் அட்டையில் சட்டென்று கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அங்கேதான் ஊசிமுனை ஓட்டை. அதிலிருந்து பீய்ச்சிய எண்ணெயைக் காற்று ஜாக்கியின் மேல் அடித்திருக்கிறது. அது வழிந்து அடியில் போய்ச் சொட்டியிருக்கிறது. சீல் போகவில்லை, ஜாக்கியைப் பிரிக்க வேண்டியதில்லை. அம்மா “என் சாமி!” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கெட்டைத் தரையில் இறக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு மாமா ஓட்டை இருந்த மூலைக்குக் குனிந்தார். நானும் அவர் கை இடுக்கில் தலையை நுழைத்துப் பார்த்தேன். குழாயின் அடிப்பக்கம் ரப்பர் உருகி இறுகியிருந்தது. அதற்குப் பின்னால் இரும்பில் வட்டமாகப் பெயிண்ட் கொப்புளித்துக் கருகியிருந்தது. பூஜையன்று தட்டு ஏந்தி நின்ற எனக்கு அந்த இடம் தெரியாதா என்ன?

“இன்னாடா ஆச்சு அதுக்கு?” என்றார் அப்பா, எட்டத்தில் நின்றபடியே.

மாமா நிமிரவில்லை. “எலி மச்சான். எலி கடிச்சிகீது.”

“எலி இல்ல மாமா, அங்கதான் அப்பா...” என்று ஆரம்பித்தேன். மாமா என் தொடையில் நறுக்கென்று கிள்ளி, பவுடர் டப்பாவைக் கையில் திணித்து, “போ, அம்மாகிட்ட குடுத்துட்டு வா” என்று விரட்டினார். வலியைவிடக் கோபம்தான் எனக்கு அதிகம். உண்மையைச் சொன்னதற்கு அவர் என்னைக் கிள்ளியது அதுதான் முதல் தரம்.

செங்கல்பட்டு பஜாரில் லாரி சாமான் விற்கிற பாய் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பார். மாமா போவதாகச் சொன்னார். அப்பா வேண்டாமென்று பழைய குழாயைத் தானே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மதியம் அதே அளவில் புதுக் குழாயோடு வந்தார். பழையது எங்கே என்று மாமா கேட்கவில்லை.

குழாயை மாட்டி எண்ணெய் ஊற்றினார்கள். உள்ளே போன காற்று வெளியேற, பக்கெட்டைப் பத்துத் தரம் ஏற்றி இறக்கினார் மாமா. முதலில் விக்கல் வந்த மாதிரி குதித்தது, அப்புறம் வழவழவென்று ஏறியது. ஜல்லியை நிறைய அள்ளி உயரத் தூக்கி எஞ்சினை நிறுத்தினார். ராடில் கைவைக்கக் கூடாதே, அதனால் பக்கத்தில் ஒரு சவுக்குக் கம்பை நட்டுப் பக்கெட்டின் உயரத்தை அதில் கரியால் குறித்தார். நாங்கள் சாப்பிடப் போனோம். அப்பாதான் அரைச் சோற்றில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பக்கெட் குறியைவிட்டு ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

“ஒன் தம்பிக்கு இன்னொரு துண்டு மீன் போடு” என்றார் அம்மாவிடம். தலையைத் தட்டிலிருந்து நிமிர்த்தாமல்தான் சொன்னார். மெட்ராஸ் டிரைவர் பேச்சை அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை லாரிகள் வந்தன, மாமா சிரித்துக்கொண்டே ஜல்லி ஏற்றினார்.

செங்கல்பட்டிலிருந்து அப்பா குழாயோடு இன்னொன்றும் வாங்கி வந்திருந்தார். ஒரு எலிப்பொறி. தினமும் சாயங்காலம் என்னிடம் மசால்வடை கிள்ளி வைக்கச் சொல்லி, அதை வண்டிக்கடியில் கொண்டுபோய் வைப்பார். காலையில் மாமா அதை எடுத்துப் பார்த்து, “இன்னிக்கும் மாட்டல மச்சான்” என்பார். “பெரிய எலிடா, நாளைக்கு மாட்டும்” என்பார் அப்பா. எத்தனையோ மாதம் இப்படியே நடந்தது. எலியே கிடையாது என்று எனக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். அப்பா மட்டும் பாவம், ஒன்றும் தெரியாமல் ஏமாறுகிறாரே என்று இரக்கப்பட்டு, வடையைக் கொஞ்சம் பெரிதாகவே கிள்ளி வைத்தேன்.