யூஜினாவின் பின்னுரிமையாளர்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் முப்பத்தோரு வருடம் அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்தவர் யூஜினா. தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறியதும் அத்தனை அழுகையும் இவர் மடிக்குத்தான் வரும். சொந்தமாக ஒன்று மட்டும் வாய்க்கவில்லை. அதை விசாரித்தே ஓய்ந்துபோன வாய்கள் தோட்டத்தில் எத்தனையோ! கணவர் யேசுரட்ணம் போய்ச் சேர்ந்தும் ஆறு வருடமாகிறது.

ஊர் வாயைவிட அவரை வதைத்தது வேதம்தான். சபையில் அதை வாசிப்பவரும் அவரே. எபிரேயருக்குச் சாவு பெரிதல்ல, சந்ததியில்லாமல் பெயர் அற்றுப்போவதுதான் பெரிது. அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்தால் தம்பி அவன் மனைவியை மணந்து அவன் பெயர் நிலைக்க ஒரு பிள்ளையைக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். உன் சந்ததியை நட்சத்திரங்களைப் போலப் பெருக்குவேன் என்று ஆண்டவர் ஆபிரகாமுக்குச் சொன்ன வசனம் வரும் ஞாயிறுகளில் யூஜினா அதை வேகமாக வாசித்து முடித்துவிடுவார். தன் புருஷனுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தால் ஆண்டவருக்கு என்ன குறைந்துவிடும் என்று கோபமாகவும் வரும்.

இப்போது வீடு கட்ட அரசாங்கத்திலிருந்து ஏழு பேர்ச் காணி வந்திருக்கிறது. படிவத்தில் பின்னுரிமையாளர், அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்ற பெயர் இல்லாவிட்டால் இந்த முறை கிடையாது. படிவம் நிரப்ப வந்திருக்கும் உத்தியோகத்தர் சுதாகரன் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். மணி பதினொன்றே முக்கால்.

"ஜெரோமி பேர எழுதுங்க அண்ணி" என்று பறந்தார் கொழுந்தன் அன்டன். ஜெரோமி அவருடைய மகன். கொழும்பில் கடை வேலை, மனைவி மாசமாக இருக்கிறாள்.

"எழுதுறேன். பொறக்கிற புள்ளைக்கு ஒங்க அண்ணன் பேர வைக்கணும். வேதத்துல அப்படித்தான் இருக்கு."

"வைப்பான், வைப்பான். நான் சொல்றேன்ல!"

காணி என்றால் அன்டன் எதற்கும் தலையாட்டுவார். "அவன் வாயால சொல்லட்டும்" என்று யூஜினா போனை எடுத்தார். இரண்டு முறை லைன் அறுந்தது. சுதாகரன் பேனாவை மூடினார். மூன்றாம் முறை ஜெரோமி கிடைத்தான். யூஜினா ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"இல்ல பெரியம்மா. காணிக்காகப் பேரு வைக்க மாட்டேன். அது பெரியப்பாவ வித்த மாதிரி. நீங்க வேற யாருக்காவது எழுதுங்க."

அன்டன் போனைப் பிடுங்க வந்தார். யூஜினா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"ஆனா ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான்தான் வருவேன். பெரியப்பாவுக்குக் குழி வெட்டுனப்ப மம்பட்டி புடிச்சவன் நானுதானே? அதுக்கு எந்தக் காணியும் வேணாம்."

அந்த அடைமழையில், இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டியவன் அவன்தான். இல்லாத பிள்ளைக்கே ஆறு வருடமாக அழுதுகொண்டிருந்ததில் அது யூஜினாவுக்கு மறந்தே போயிருந்தது. வெட்கமாக இருந்தது.

"அம்மா, நேரமாச்சு" என்றார் சுதாகரன்.

"ஜெரோமின்னு எழுதுங்க."

அன்டனுக்கு முகமெல்லாம் பல். சுதாகரன் அடுத்த கட்டத்துக்கு வந்தார். "உறவு? கொழுந்தன் மகன்தானே?"

"மகன்னு போடுங்க" என்றார் யூஜினா.