சில்வண்டைப் போகப் பழக்கியவள்

என் அண்ணிக்கு நிலைகொள்ளாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். மடித்துக்கொண்டே சாமியோடு பேசுவாள். பேச்சு என்றா சொன்னேன்? சண்டை. "உனக்குக் காது இருக்கா இல்லையா?" என்று கேட்டு அவள் விரிப்பை உதறுகிற உதறலில் பக்கத்தில் நிற்பவர்கள் தள்ளிப் போய்விடுவார்கள்.

சண்டையெல்லாம் சில்வண்டுக்காக. வாய் ஓயாத பெண் என்பதால் நான் வைத்த பெயர் அது. குழந்தைகள் நல அலுவலகம் அவளைக் கைக்குழந்தையாக அண்ணியிடம் வளர்க்கக் கொடுத்தது. "தற்காலிகமாத்தான்" என்றார் அலுவலக மேடம். அண்ணனும் அண்ணியும் தத்துக் கேட்டு மனுப் போட்டார்கள். சில்வண்டு தவழ்ந்தாள், நடந்தாள், அத்தை அத்தை என்று என்னிடம் வேலை வாங்கவும் ஆரம்பித்தாள். மனு மட்டும் நகரவில்லை. அவளுக்குச் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறார்களாம்.

அந்தக் காத்திருப்பில்தான் அண்ணிக்கு அந்த யோசனை வந்தது. குழந்தையை யாரிடமும் போகப் பழக்க வேண்டும்.

"திடீர்னு ஒருநாள் வந்து தூக்கிட்டுப் போனா, புள்ள கதறிடாதா? இப்பவே பழகட்டும்."

"போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு, போறதுக்கும் பழக்குறீங்களே அண்ணி! சாமி எதைத்தான் கேட்கும்?"

"ரெண்டையும் கேட்கட்டும். அதுக்கு வேற என்ன வேலை?"

முதல் பலிகடா நான். என் அறையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அப்புறம் எதிர்வீட்டுத் தையல்காரியிடம். அப்புறம் சலவைக்கூடத்துத் தோழி வீட்டில். சில்வண்டு முதலில் அழுது ஊரைக் கூட்டினாள். அண்ணி அவள் முகத்தைப் பிடித்து, "வேலை முடிஞ்சதும் அம்மா வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்பாள். சொன்னபடி வந்துவிடுவாள். மழை கொட்டினாலும் வருவாள், காய்ச்சலோடும் வருவாள். பஸ் ஓடாத அன்று நடந்தே வந்து சேர்ந்தாள். கொஞ்ச நாளில் சில்வண்டு அழுகையை விட்டாள். யார் கை நீட்டினாலும் தாவினாள். அண்ணிக்குப் பெருமை பிடிபடவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல்.

பிறகு மேடம் போன் செய்தார். சொந்தக்காரி கிடைத்துவிட்டாள். குழந்தையின் அப்பாவுக்கு அக்கா. அதாவது நிஜ அத்தை. நேற்று வரை அத்தையாக இருந்த நான் ஒரே போனில் போலி ஆனேன். அந்தப் பெண் சில தடவை வந்து குழந்தையோடு பழகினாள். ஏதாவது குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. போதாக்குறைக்கு, சில்வண்டின் அதே மூக்கு அவள் முகத்திலும் இருந்தது. குழந்தை அவளுக்கே என்று முடிவாகிவிட்டது.

சில்வண்டை அழைத்துப்போகும் நாள் காலை அண்ணி பையில் அவள் துணிகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். லாரி ஓட்டுகிற அண்ணன், லோடு ஏற்றுவதாகச் சொல்லி முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார், கோழை. கார் வந்தது. நிஜ அத்தை கை நீட்டினாள். சில்வண்டு தாவினாள். ஒரு சிணுங்கல்கூட இல்லை.

"எவ்வளவு அழகாப் பழக்கியிருக்கீங்க!" என்றார் மேடம்.

அண்ணி தலையாட்டினாள். கார் ஜன்னல் வழியாகச் சில்வண்டு தலையை நீட்டி அதட்டினாள்: "அம்மா, லேட் பண்ணாம வா!"

குழந்தை பிரிந்து போகப் பழகவே இல்லை. அம்மா வந்துவிடுவாள் என்று நம்பத்தான் பழகியிருந்தாள். அது எங்கள் இருவருக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது.

அண்ணி ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "சாயங்காலம் வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பா. நான் வரலாமா?"

"கொஞ்ச நாள் போகட்டுமே, அப்பதான் மறப்பா" என்று மேடம் இழுத்தார்.

நிஜ அத்தை சில்வண்டைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். "வாங்க" என்றாள்.

சாயங்காலம் நானும் கூடவே போனேன். பஸ்ஸில் அண்ணி ஜன்னல் கம்பியை விடவே இல்லை.

"இப்ப சாமிகிட்ட என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேட்கல. வரேன்னு புள்ளைக்கு வாக்குக் கொடுத்தது நான். சாமியா கொடுத்துச்சு?"

அந்த வீட்டு மணியை அடித்ததும் உள்ளே குடுகுடுவென்று சத்தம். கதவு திறந்தது. சில்வண்டு செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, பையையும் இழுத்தபடி வந்து நின்றாள். நிஜ அத்தைக்குக் கையாட்டிவிட்டு, "வாம்மா, போலாம்" என்றாள்.

அண்ணி மண்டியிட்டாள். "அம்மா நாளைக்கும் வருவேன், தங்கம்" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கால்களிலிருந்து செருப்புகளைக் கழற்றினாள். ஒன்றைக் கழற்றும்வரை சில்வண்டு புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதைத் தொட்டதும் அழ ஆரம்பித்தாள்.