எல்லாப் பெட்டிக்கும் ஒரு டிக்

எங்கள் வீட்டுக்குக் கொம்பியூட்டர் வந்தபோது நான் தேயிலைத் தோட்ட ஆபிஸில் கிளாக்கர். கந்தப்பளைக்கு மேலே குவாட்டர்ஸ். கூரையில் அன்டனா வைத்த கம்பியில்லாத டெலிபோன் ஒன்று இருந்தது. இன்டர்நெட்டும் அதே டெலிபோன் வழியாகத்தான். கொம்பியூட்டர் பேசினால் மனிதர்கள் வாயை மூட வேண்டும்.

வின்டோஸைப் புதிதாக ஏற்றியபோது, நெட்வேர்க் சேவைகளில் எதெல்லாம் வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி காட்டியது. பக்கத்துக் கருவிகளைத் தேடிப் பிடிக்க ஒன்று, இன்னொரு கொம்பியூட்டரோடு நேரே பேச ஒன்று, நம் பிரிண்டரை ஊருக்குப் பங்கு போட ஒன்று. எங்களிடம் பிரிண்டரே கிடையாது.

தோட்டத்தில் வளர்ந்தவனிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. கம்பளியோ தேத்தூளோ, கொடுக்கும்போது கை நீட்டிவிட வேண்டும். ஒருமுறை வேண்டாம் என்றால் அடுத்த முறை பட்டியலில் பேர் இருக்காது என்ற பயத்திலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். தேவைப்பட்டால் தானாகவே டெலிபோன் லைன் எடுத்துக்கொள்ளவா என்றும் கேட்டது. எடுத்துக்கோ ராசா என்று அதற்கும் ஒன்று.

"இந்தத் தோட்டத்துல வேற யாரு வீட்டுல கொம்பியூட்டர் இருக்கு? இது யாரோட பேசப் போவுது?" என்றாள் மனைவி.

"இருந்துட்டுப் போவுது. சும்மாதானே குடுக்குறான்."

அவளுடைய தம்பி கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. லொட்ஜில் தங்கியிருந்தான். யுத்த காலம்; கொழும்பில் பொலிஸ் சுற்றிவளைத்துத் தமிழ்ப் பையன்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் கோல் எடுத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அந்த ஞாயிறு கோல் வரவில்லை. கொழும்பில் லொட்ஜுகளைச் சோதனை போட்டு ஆட்களைக் கொண்டுபோனதாக ரேடியோ சொன்னது. அவள் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தாள். உள்ளே இரைச்சல்.

"ஏங்க, உங்க கொம்பியூட்டர் பேசிக்கிட்டு இருக்கு."

ஓடிப்போய்த் துண்டித்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக மறுபடி எடுத்தது. எந்தச் சேவைக்கு என்ன அவசரமோ.

"அணைச்சுப் போடுங்க அத."

"தம்பி மெயில் போட்டிருந்தா?"

லைன் கிடைக்காதவன் இன்டர்நெட் கடைக்குப் போய் மெயில் போட்டிருக்கலாம். அதைப் பார்க்கக் கொம்பியூட்டர் வேண்டும். அவன் கோல் எடுக்க லைன் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெட்டிகள்.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். "மெயில் வர இது வேணுமா?" என்று அவள் கேட்பாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் பயம். ஆபிஸில் கொம்பியூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவனுக்கு மவுஸ் வேர்வையில் வழுக்கியது. டிக்கை எடுத்தேன், மெயிலைப் பார்த்தேன், அடுத்ததை எடுத்தேன். தானாக லைன் எடுக்கும் அனுமதியையும் பிடுங்கினேன். சேவைகள் எல்லாம் போன பிறகும் மெயில் வழக்கம்போலவே திறந்தது. ஆள் குறைத்தும் வேலை குறையாத தோட்டம் மாதிரி. மெயிலுக்குள் ஒரு விளம்பரம் மட்டும்.

லைனைத் துண்டித்தேன். இப்போது டெலிபோன் சும்மா இருந்தது. அடிக்கவில்லை.

அதுதான் மோசம். அதுவரை, லைன் எங்கேஜ் என்பதால் அவன் கோல் வரவில்லை என்று நம்ப முடிந்தது. திட்டுவதற்குக் கொம்பியூட்டர் இருந்தது, நான் இருந்தேன். இப்போது திட்ட யாருமில்லை. லொட்ஜுக்குக் கோல் எடுத்துப் பார்த்தோம், யாரும் தூக்கவில்லை. பேசாமல் எல்லா டிக்கையும் திரும்பப் போட்டுவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

இருட்டத் தொடங்கும்போது மணி அடித்தது. அவள் எடுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கும் அவன் குரல் கேட்டது.

"அக்கா, பொலிஸ் ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க. ஒரே ஒரு கோல்தான் எடுக்க விட்டாங்க. பொறப்புப் பத்திரமும், நான் தோட்டத்து ஆளுன்னு ஆபிஸ் கடிதமும் கொண்டாங்க. அடிக்கல. பயப்படாதீங்க."

எந்த ஸ்டேஷன் என்று சொல்லி முடித்ததும் லைன் போனது. ஒரே ஒரு கோல். நான் கொம்பியூட்டர் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.

அவள் அலுமாரியைத் திறந்து பத்திரத்தைத் தேடிக்கொண்டே கேட்டாள்: "நானுஓயாவுல கொழும்புக்குக் காலைல முதல் ரயில் எத்தனை மணிக்கு? நெட்டுல பாக்குறேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு, கடிதம் வாங்க எங்கள் ஆபிஸ் பெரிய கிளாக்கர் வீட்டுக்கு நடந்தேன்.