புல்லாங்குழல் போட்ட இடம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருவார், அதுவும் தொலைபேசியில். கட்டாரில் ஒரு கம்பனியில் அவருக்கு இயந்திரம் திருத்தும் வேலை. பேச்சு எப்போதும் ஒரே ஒழுங்கில் போகும். முதலில் அம்மாவிடம், கட்டிக்கொண்டிருந்த வீட்டு வேலை எந்த அளவில் நிற்கிறது என்று கேட்பார். பிறகு என்னிடம், படிக்கிறாயா என்பார். கடைசியில் தொலைபேசியைத் தம்பியின் காதில் வைப்போம். தம்பிக்கு மூன்று வயது. அப்பா போனபோது அவன் தவழக்கூடத் தொடங்கியிருக்கவில்லை. "அப்பா எங்கே?" என்று யாராவது கேட்டால் அவன் தொலைபேசியைத்தான் காட்டுவான்.

அந்த வருடம் விஜயதசமிக்குத் தம்பிக்கு முதலெழுத்து எழுதவைத்து ஏடு தொடக்க வேண்டும் என்று அம்மா தீர்மானித்தார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். அதற்கு ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, திருகோணமலையில் ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறுகிற வழியில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் கலியாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அதன் யன்னலைத் திறந்தால் துறைமுகத் தண்ணீரில் ஒரு துண்டு தெரியும். ஆனால் கொம்பியூட்டர் திரையில் வெளிச்சம் விழும் என்று மாமா அதைத் திறப்பதேயில்லை.

மாமா முன்பு கோயில் திருவிழாக்களுக்குப் போகும் இசைக்குழு ஒன்றில் கீபோர்ட் வாசித்தவர். குழு கலைந்த பிறகு கீபோர்ட் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் வந்து குடியேறிவிட்டது. ஊரில் மற்ற வீடியோக்காரர்கள் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பும்போது, மாமா தானே வாசித்து இசை போடுவார். தாலி கட்டும் இடத்துக்கு ஒன்று, மணப்பெண் தகப்பனிடம் விடைபெறும் இடத்துக்கு ஒன்று. மாமாவின் வீடியோவைப் பார்த்து அழாத பெண்வீட்டார் திருகோணமலையில் இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. அதை அதிகம் பேசியவர் மாமாதான்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்கு அம்மா கட்டித்தரும் சோற்றுப் பார்சலைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அவர் சாப்பிடும் நேரத்தில் நான் அவருடைய சுழலும் கதிரையில் இருந்து, முன்பின் தெரியாதவர்களின் கலியாணங்களைப் பார்ப்பேன்.

இதோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த நாட்களில் பின்னேரங்களில் நானும் அம்மாவும் தொலைக்காட்சியில் ஒரு நாடகம் பார்த்துவந்தோம். அதில் கதாநாயகி வாசலில் வந்து நிற்பாள். ஒரு புல்லாங்குழல் மெல்லத் தொடங்கும். எங்கோ வேறொரு பட்டணத்தில், சன நெரிசலுக்குள் நடந்துபோகிற கதாநாயகன் சட்டென்று நின்று திரும்பிப் பார்ப்பான். அத்தனை தூரத்தில் அது அவன் காதில் எப்படி விழுந்தது என்று எனக்குச் சந்தேகம் வந்ததேயில்லை. விழத்தான் செய்யும். அதற்காகத்தானே வாசிக்கிறார்கள்.

ஏடு தொடக்கும் நாளில் கோயில் நிறையப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் தகப்பனின் மடியில். தம்பி அம்மாவின் மடியில் இருந்தான். ஐயர் அவன் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதியபோது, அவன் அரிசியை அள்ளி வாயில் போட்டான். மாமா முழங்காலில் நகர்ந்து நகர்ந்து எல்லாவற்றையும் எடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் வந்து நின்றார். வாசலில் எறியப்பட்டுக் கிடந்த வாழையிலையை, ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. தம்பி மானைப் பார்த்தான். அம்மா வேறெங்கோ பார்த்தார். அதையும் மாமா எடுத்திருந்தார். பத்து விநாடி இருக்கும்.

மூன்றாம் நாள் நான் சோறு கொண்டுபோனபோது வீடியோ தயாராக இருந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை நாதஸ்வரமும் தவிலும். மதிலோரம் அம்மா நிற்கிற இடத்திலும் அதே தவில்.

"இதுக்கு மேளம் சரியில்ல, மாமா," என்றேன்.

"ஏன், மேளத்துக்கு என்ன குறை?"

"அம்மா ஆரையோ பாத்துக்கொண்டு நிக்கிறா. புல்லாங்குழல் போடுங்கோ."

மாமா சிரித்தார். நாடகம் பார்த்துப் பார்த்து நான் கெட்டுப்போனேன் என்றார். நான் விடவில்லை. புல்லாங்குழல் போட்டால் அப்பா திரும்பி வந்துவிடுவார் என்று, எனக்குத் தெரிந்த நியாயத்தை அப்படியே சொன்னேன். மாமா பிசைந்த சோற்றைப் பார்சலிலேயே வைத்தார்.

"அது நாடகம், பிள்ளை."

"ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, தவிலை நிறுத்தி, கீபோர்டில் குழல் ஓசையை வைத்து நாலைந்து சுரங்களை இழுத்து வாசித்தார். பிறகு படத்தை முதலிலிருந்து ஓடவிட்டார். அதே மதில், அதே மான், அதே அம்மா. ஆனால் கோயிலுக்கு வந்த ஒருத்தியாக இருந்த அம்மா, இப்போது வருடக்கணக்காக அங்கேயே நிற்கும் ஒருத்தியாகிவிட்டார். மாமா மிச்சச் சோற்றை மறந்துவிட்டு, அந்தப் பத்து விநாடியை மெதுவாக்கி இருபதாக நீட்டினார்.

"கொம்மா அறிஞ்சா என்னைக் கொல்லுவா," என்றார்.

"அம்மாவுக்குச் சொல்லமாட்டன்."

எங்கள் வீட்டு டிவிடி பிளேயர் அப்போது பழுதாகி மாமாவிடமே கிடந்தது. ஆகவே அம்மா பார்க்காமலே டிஸ்க் உறைக்குள் போயிற்று. அப்பாவோடு வேலை செய்யும் மூதூர் முஸ்லிம் அண்ணர் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், லீவில் வந்து திரும்பவிருந்தார். மூதூரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியவரிடம், அம்மாவும் நானும் இறங்குதுறைக்குப் போய், தட்டையாக மொறுமொறுக்கும் பருத்தித்துறை வடையோடு அதைக் கொடுத்தோம். "பயப்படாதீங்க தங்கச்சி, உடுப்புக்கு நடுவுல வச்சிக் கொண்டு போறன். உடையாது," என்று அவர் அம்மாவிடம் சொன்னார். நான் வடையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா பேசினார். வீடியோ கிடைத்தது, பார்த்தேன் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டு வேலையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. அதற்கடுத்த வெள்ளி தொலைபேசி அடிக்கவேயில்லை. அம்மா அதை எடுத்து எடுத்துப் பார்த்தார். நான் மட்டும் ஒரு இரகசியச் சந்தோசத்தோடு படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார். ஓட்டோ வந்து நின்றபோது அம்மா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் செதில். அப்பா படலையைத் திறந்து, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாதவர்போல நின்றார். தம்பி என் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"என்ன இது, சொல்லாமக் கொள்ளாம? உடம்புக்கு ஏதும் வருத்தமோ?" என்றார் அம்மா.

"ஒண்டுமில்ல."

"எத்தினை நாள் லீவு?"

"லீவில்ல. விட்டிட்டு வந்திட்டன்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. லிங்கநகரில் பாதி கட்டிய எங்கள் வீட்டில் இரண்டு அறைகளுக்குக் கூரை இல்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நாடகத்தில் கதாநாயகன் திரும்பி வந்தால் அதோடு அந்த வாரம் முடிந்துவிடும். அடுத்த நாள் காலையில் அவன் என்ன வேலைக்குப் போவான் என்று யாரும் காட்டமாட்டார்கள். எங்கள் வீட்டில் அடுத்த நாள் காலையும் வந்தது. அம்மா அப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தார், சாப்பாடு போட்டார், கதைக்கவில்லை. அப்பா துறைமுகப் பக்கம் வேலை கேட்டு அலைந்தார். நான் பயப்படத் தொடங்கினேன்.

அதற்குள் மாமா பிளேயரைத் திருத்தி, எங்களுக்கென்று ஒரு டிஸ்க்கும் சேர்த்து அனுப்பியிருந்தார். அப்பா இல்லாத ஒரு பின்னேரம், பக்கத்து வீட்டு மாமி கேட்டாரென்று அம்மா அதைப் போட்டார். புல்லாங்குழல் தொடங்கியது. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அம்மா எழுந்து பிளேயரை நிறுத்தினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஓர்ஸ் ஹில் வரை நடந்தார்.

"நான் அந்த நேரம், சின்னவனுக்கு மூத்திரம் வருது, எங்க கொண்டுபோய் இருத்துறது எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றார் மாமாவிடம். "அதுக்கு நீ புல்லாங்குழல் ஊதுறியோ? உன்ர ஊத்தில அந்த மனுசன் வேலையையும் விட்டிட்டு வந்து நிக்குது!"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பிழைதான் அக்கா," என்றார் மாமா. "நான்தான் போட்டனான். எனக்குத்தான் அந்த இடத்தில அப்பிடிப் பட்டது."

அவ்வளவுதான். என் பெயரை அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அன்றோடு அவருக்குச் சோற்றுப் பார்சல் நின்றது. மாமா மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கடையில் பாண் வாங்கிச் சாப்பிடுகிறார் என்று கேள்விப்பட்டபோது என்னால் சோறு விழுங்க ஏலாமல் போயிற்று. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை அம்மாவின் அருகே போனேன். ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மாரி மழை பிடித்த பிறகு, படகு எஞ்சின் திருத்தும் பட்டறை ஒன்றில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. ஆனால் பின்னேரம் ஐந்தரைக்கு, எண்ணெய் மணக்க மணக்க வீட்டுக்கு வந்துவிடுவார். தம்பி முதலில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தான். பிறகு அவர் செருப்பைப் போட்டுப் பார்த்தான். ஒருநாள், சொல்லிக்கொடுக்காமலே மடியில் ஏறி உட்கார்ந்தான். அன்றைக்கு அடுத்த நாள் அம்மா இரண்டு பார்சல் கட்டினார். ஒன்று அப்பாவின் வேலைக்கு. மற்றதை என்னிடம் நீட்டி, "கொண்டுபோய்க் குடு," என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. நான் மழையில் குடையை விரிக்காமல் ஓடினேன்.

இன்று நான் கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் படத்தொகுப்பு வேலை செய்கிறேன். எந்த முகத்துக்குக் கீழே எந்த இசையை வைத்தால் சனம் எதை நினைக்கும் என்பது எனக்கு இப்போது பிழைப்பு. போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்தக் கதையை ஒருவழியாக அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். அன்று புல்லாங்குழல் போடச் சொன்னது மாமா இல்லை, நான்தான் என்றேன். உங்கள் வேலை போனது என்னால்தான் என்றேன். அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு என்னை விளங்காமல் பார்த்தார்.

"எந்தப் புல்லாங்குழல்?"

"வீடியோவில, அம்மா மதிலடியில நிக்கேக்க."

"அதில சத்தம் கேட்டதே எனக்கு?" என்றார். "எட்டுப் பேர் இருந்த அறை, பிள்ளை. பாதிப் பேர் இரவு வேலைக்காரர். பகல்ல நித்திரை கொள்ளுற ஆக்களுக்குப் பக்கத்தில சத்தம் வைக்க ஏலுமோ? மூதூர் நானாவின்ர லெப்டொப்பில, சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் பாத்தனான்."

பதினைந்து வருடமாக நான் சுமந்த குற்றம், தூக்கிப் பார்த்தால் வெறும் பெட்டி.

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "ஏடு தொடக்கேக்க சனம் நெருக்கியடிச்செல்லோ இருந்தது? கால் வைக்க இடமில்ல. அதுக்குள்ள கொம்மா மட்டும் பாயில ஒரு ஓரமா ஒதுங்கி இருந்தா. பக்கத்தில ஒரு ஆள் இருக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தவ. ஆரோ ஒரு மனுசி வந்து அதில இருக்கப் பாக்க, கொம்மா கையை வைச்சு மறிச்சவ."

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

"அதில தண்ணி ஊத்துண்டு கிடந்தது," என்றார் அம்மா உள்ளிருந்து. "ஈரத்தில இருந்தா அந்த மனுசியின்ர சீலை பழுதாப்போகும் எண்டு மறிச்சனான். வேற ஒண்டுமில்ல."

"ஓம், ஓம். ஈரமாத்தான் இருந்திருக்கும்," என்றார் அப்பா.

அந்தக் காட்சியை நான் மாமாவின் கதிரையில் இருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வீடியோவிலேயே தவில் மிகப் பலமாக முழங்கும் இடம் அதுதான். புல்லாங்குழல் போட இடம் தேடிய பத்து வயதில், நான் அம்மாவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயில் அவர் கை எங்கே இருந்தது என்று பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.