ஜீரோவை நம்பாத அக்கா

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியின் பை வாரை அக்கா இழுத்துப் பார்க்கிறார். அந்த அம்மாள் வெடுக்கென்று பையை மடியோடு அணைத்துக்கொள்கிறார். "தையல் விட்டிருக்கும்மா, அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். வார், கயிறு, கொக்கி எதைக் கண்டாலும் இரண்டு தரம் இழுத்துப் பார்க்காவிட்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

உயரத்தில் தொங்கி வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்பு பெல்ட்டுகளைச் சோதிப்பதுதான் அவர் பிழைப்பு. பெல்ட்டைக் கொக்கியில் மாட்டிச் சக்கரத்தைத் திருகினால், எவ்வளவு இழுப்பைத் தாங்குகிறது என்று டிஜிட்டல் மீட்டர் காட்டும். மற்றவர்கள், திரையில் நிற்கும் எண்ணைப் பூஜ்யமாக்கும் ஜீரோ பட்டனை ஓர் அழுத்து அழுத்திவிட்டு ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா மெனுவுக்குள் புகுந்து கடைசிப் பக்கம்வரை போவார். எதுவும் மாட்டாதபோது சென்சார் உண்மையில் என்ன சொல்கிறது, அளவுக்கு மீறி எத்தனை தரம் இழுபட்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். மீட்டருக்கு நாடி பார்க்கிறார் என்று பேக்கிங் ஆட்கள் கேலி செய்வார்கள்.

"ஜீரோங்கறது பூசுற பவுடரு மாதிரி. நிஜ மூஞ்சி உள்ளதான் இருக்கு" என்பார் அக்கா.

அவர் தம்பி உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவன். அவனை எப்படியாவது தரைக்கு இறக்கிவிட வேண்டுமென்று மேலாளரிடம் நடையாய் நடந்து, பேக்கிங்கில் ஒரு வேலைக்குச் சம்மதம் வாங்கியிருந்தார். சேரவேண்டிய நாளுக்கு முன்பே தம்பி ஒரு மதியம் இடம் பார்க்க வந்தான். அக்கா கை கழுவப் போன நேரத்தில், எண் எதுவரை ஏறும் என்று பேக்கிங் ஆட்களிடம் பந்தயம் கட்டி, கொக்கியை இரும்பு வளையத்தில் மாட்டிச் சக்கரத்தைத் திருகினான். மீட்டர் அலறியது. பயந்துபோய்த் தளர்த்தினால், வெறும் கொக்கிக்கே ஏதோ ஓர் எண் நின்றது. ஜீரோவை அழுத்தினான், மறைந்தது. வாயைத் திறக்காமல் கிளம்பிவிட்டான்.

லாரி காத்திருந்த அவசரத்தில் அக்காவும் அன்று மெனுவைத் திறக்கவில்லை. திரையில் ஜீரோ இருந்தது, போதும் என்று விட்டுவிட்டார். சாயங்காலம் மீட்டரை அணைக்குமுன் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால், மீறிய கணக்கு ஒன்று கூடியிருந்தது. சென்சாரும் பழைய நிலையில் இல்லை. மதியம் அது காட்டிய தப்பான எண்ணில் தேறிய பெல்ட்டெல்லாம் லாரியில் ஏறிப் போயாகிவிட்டது.

பேக்கிங்கில் விசாரித்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டார். விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்றான் அவன். "சொல்லிடாதே அக்கா. வேலை போயிடும்."

வாயை மூடிக்கொண்டால் தம்பி தரைக்கு வந்துவிடுவான். யார் பெற்ற பிள்ளையோ அந்த பெல்ட்டை நம்பி மேலே தொங்கும். அக்கா மேலாளரிடம் போய்த் தம்பி செய்ததையும் தான் பார்க்காமல் விட்டதையும் சேர்த்தே சொன்னார். லாரி பாதி வழியில் திரும்பியது. தம்பிக்கு வரவிருந்த வேலையும் அதோடு போயிற்று.

அவன் இன்னும் கயிற்றில் தொங்கித்தான் கண்ணாடி துடைக்கிறான். வேலைக்குக் கிளம்புமுன் பெல்ட்டை வீட்டிலேயே ஒரு தரம் மாட்டிக்காட்ட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். இன்று காலையும் வாசலை மறித்து நின்று மார்பு வாரை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"லேட்டாகுது அக்கா, விடு."

வார் கெட்டியாகத்தான் இருந்தது. அக்கா கையை எடுக்கவில்லை.