ஒரு கட்டில், இரண்டு ரவுட்டர்

இது நடந்த நேரம் பகல் பத்தே முக்கால். பேய்க்குப் பகலில் என்ன வேலை என்று சிரிப்பவர்கள் ஓசூரில் ஷிப்ட் பார்த்தவர்களாக இருக்க முடியாது. இங்கே பாதி ஊர் வெயிலில்தான் தூங்குகிறது.

மாதவனும் சிரிப்பவன்தான். பர்கூரில் பொறியியல் படித்தவன். அதை மற்றவர்கள் மறக்க விடாதவன். மூன்று வாரம் முன்பு லால் பாஷாவின் மாடி அறைக்குக் குடிவந்தான். ஒரே அறை, ஒரே கட்டில். ஆணியில் ஒரு கம்பெனிச் சட்டை தொங்கியது. சட்டைப் பைக்கு மேலே சுடலைமுத்து என்று பெயர் தைத்திருந்தது. இது யாருடையது என்று மாதவன் கேட்கவில்லை. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஒரு கட்டிலை இரண்டு பேருக்கு விடுவார்கள். நைட் ஷிப்ட்காரன் பகலில் படுப்பான், பகல் ஷிப்ட்காரன் இரவில். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமலே வருடக்கணக்கில் ஓட்டலாம். தனக்கு நைட் என்பதால் சட்டைக்காரனுக்குப் பகல் என்று மாதவனே முடிவு கட்டிக்கொண்டான். தலையணையில் அடுத்தவன் எண்ணெய் வாசம் அடிக்கும். "காட்டான்" என்று உறையை உதறிவிட்டுத் தூங்குவான்.

அன்று பதினொரு மணிக்கு பெங்களூர் கம்பெனி ஒன்றின் கடைசிச் சுற்று நேர்காணல், வீடியோவில். கிடைத்தால் நைட் ஷிப்ட் ஒழிந்தது. கீழ்வீட்டு வைஃபை மாடிக்கு எட்டாது. அதனால் பழைய ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்து, கீழிருந்து கேபிள் இழுத்து மாட்டினான்.

"கேபிள்காரனக் கூப்புட்டுக்கலாமே தம்பி" என்றார் லால் பாஷா.

"அவன் ரெண்டு ரவுட்டரையும் அட்ரஸ் குடுக்க விட்டுடுவான். ரெண்டும் சண்ட போடும், நெட் வராது, நின்னு தலையச் சொறிவான். ரெண்டாவது சும்மா வழி மட்டும் விடணும் பாய். உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"புரியாதுதான். நீயே பண்ணு சாமி."

10.45. நெட் வந்தது. மாடி ரவுட்டரில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தான். அவன் லேப்டாப். அவன் போன். மூன்றாவதாக இன்னொரு போன்.

அதன் பெயர் சுடலைமுத்து. சிக்னல் முழுசாக இருந்தது, அறைக்குள்ளேயே இருப்பதுபோல.

போனை மறந்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான் முட்டாள், என்று நினைத்தான். அப்புறம்தான் உறைத்தது. பாஸ்வேர்டு வைத்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தான். சட்டைப் பையில் பார்த்தான். போன் இல்லை.

10.52. பாஸ்வேர்டை மாற்றினான். பட்டியலில் இரண்டு பெயர்... மூன்று.

10.56. வைஃபையையே அணைத்தான். லேப்டாப்பைக் கேபிளில் செருகினான். பட்டியலில் லேப்டாப் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே... சுடலைமுத்து.

பின்னால் 'கிறீச்' என்று கட்டில் ஒருமுறை முனகியது.

"வெயிலுக்கு மரம் விரியும்" என்றான், சத்தமாக. அறையில் கேட்க ஆள் இல்லை.

11.00. திரையில் லாவண்யா என்ற பெண் அதிகாரி. முதல் கேள்விக்கு நன்றாகவே சொன்னான். இரண்டாவதற்கும்.

11.07. அவர் நிறுத்தினார்.

"மாதவன், பின்னாடி படுத்திருக்கறவரக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்றீங்களா?"

திரும்பினான்.

காலிக் கட்டில்.

"யாருமில்லீங்க மேடம்."

"இப்ப எழுந்து உக்காந்துட்டாரே..."

எண்ணெய் வாசம்...

காதுக்குப் பக்கத்தில்.

லேப்டாப்பை அறைந்து மூடினான்.

11.31-க்குப் போனில் மெயில் வந்தது. அறையில் வேறொருவர் இருந்ததால் நேர்காணல் ரத்து.

பயம் போய்க் கோபம் வந்தது. கீழே இறங்கினான்.

"பாய், அந்தப் பகல் ஷிப்ட்காரன மொதல்ல காலி பண்ணச் சொல்லுங்க. எங்கயோ ஒளிஞ்சிருந்து என் வேலையக் கெடுத்துட்டான்."

"எந்த ஆளு?"

"சுடலைமுத்து."

லால் பாஷா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவன் செத்து ரெண்டு மாசமாச்சே தம்பி. அந்தக் கட்டில்லயே, தூக்கத்துல போயிட்டான். சட்டைய எடுக்க ஊர்லருந்து வரேன்னாங்க, வரல."

மாதவன் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தான்.

"அவனுக்குப் பகல் ஷிப்ட்டுன்னு யார் சொன்னா?" என்றார் அவர். "உன்ன மாதிரி நைட்டுதான். காலைல ஏழு மணிக்கு வந்து படுப்பான்... நீ படுக்கிற அதே நேரம்."