அம்பு பட்ட ஞாயிறு

சில்விக்கு வாரத்தில் ஒரு காலைப்பொழுதுதான் சொந்தம். ஞாயிறு விடியுமுன் பக்கத்து வீட்டு எல்மா வந்து, சில்வியின் அண்ணன் ரூடிக்குத் துணை இருப்பாள். பத்து மணிக்குத் தேவாலயத்துக்குக் கிளம்பிவிடுவாள். மற்ற நேரமெல்லாம் சில்வி வீட்டுக்குள்தான். பக்கவாதம் ரூடியின் இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டு வாயை மட்டும் விட்டுவைத்தது. தனியே விட்டால் நாற்காலியிலிருந்து சரிந்துவிடுவான். ஒருமுறை அப்படி விழுந்து, முகம் கம்பளத்தில் புதைந்து மூச்சு முட்டிக் கிடந்தான். அவள் வாசல் தபால்பெட்டி வரைக்கும்தான் போயிருந்தாள்.

அமெரிக்காவின் மேல் மிச்சிகன் காடுகளில் மான் வேட்டைக்குப் பேர்போனவன் ரூடி. கப்பி வைத்த அவனுடைய புது வில் எதிர்ச்சுவரில் தொங்குகிறது.

"அது என் கைக்குப் பழகினது. நீ தொட்டுக் கெடுத்துராத" என்பான். தானும் படுக்கான், தள்ளியும் படுக்கான்.

ஞாயிறு காலைகளில் தானும் வேட்டைக்குப் போக வேண்டும் என்று, சில்வி யார் வீட்டிலோ பழைய சாமான் விற்றபோது ஒரு வில்லை வாங்கி வந்தாள். இரு நுனியும் முன்பக்கம் வளைந்த, கப்பி கிப்பி இல்லாத மரவில். நாணைக் கழற்றாமல் வருஷக்கணக்கில் ஆணியில் மாட்டி வைத்திருந்ததில் மேல்பாதி முறுக்கிக்கொண்டிருந்தது.

ரூடி பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஈரத்துணி காயப்போடலாம் புள்ள."

அவன் தூங்கும் நேரமெல்லாம் அவள் நிலவறையில் இருந்தாள். உப்புத்தாளால் பழைய வார்னிஷைத் தேய்த்தெடுத்தாள். முறுக்கின இடத்தில் கொதிநீரை ஊற்றி, எதிர்ப்பக்கமாகத் திருகி, ஆறும்வரை விடாமல் பிடித்திருப்பாள். மறுநாளும் அதே வேலை. திருகும்போது யார் கழுத்தை நினைத்துக்கொண்டாள் என்று கேட்காதீர்கள். வில் ஒருவழியாக நேரானது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, காட்டில் அவள் பரண் கட்டி ஏறியிருந்த மரத்தடிக்கே கொம்பன் மான் ஒன்று வந்தது. நாணை விட்டாள். அம்பு ஊடுருவி விழுந்தது. எடுத்து முகர்ந்தால் குடல் நாற்றம். குடலில் பட்ட மானை உடனே துரத்தினால் காடு காடாக ஓடி எங்கோ சாகும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்து உயிரை விடும். சாயங்காலம் வரை தொடக்கூடாது. எல்மாவோ பத்து மணிக்குப் போய்விடுவாள்.

வீட்டுக்கு வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் ரூடி கேட்டான்: "எங்க பட்டுச்சு?"

"வயித்துல."

கேலி செய்வான் என்று நினைத்தாள். செய்யவில்லை. "பொழுது சாயட்டும். உக்காரு" என்றான்.

எல்மா போனபின் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்பு பட்ட மானைத் தேடாமல் விடுவது அந்த ஊரில் திருட்டைவிடக் கேவலம். இருட்டினால் ஓநாய்கள் முந்திக்கொள்ளும். அன்று முழுக்கச் சில்வி அண்ணனை வெறுத்தாள். சூப்பை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டே வெறுத்தாள்.

வெயில் சாய்ந்தபோது ரூடி சொன்னான்: "என்னைக் கட்டிப் போட்டுட்டுப் போ."

"என்னண்ணே பேசுற?"

"நாற்காலியோட சேத்துக் கட்டு. அப்புறம் எப்படி விழுவேன்? அந்த மான் என்ன பாவம் பண்ணுச்சு?"

படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டினாள். "அக்குளுக்குக் கீழ போடு. இன்னும் இறுக்கு" என்று அவனே சொல்லிக்கொடுத்தான்.

ரத்தத்துளிகளைப் பிடித்துக்கொண்டு போனவள், சதுப்போரம் செத்துக் கிடந்த கொம்பனைக் கண்டாள். குடலெடுத்து, கயிறு போட்டு இழுத்து வந்து வண்டியில் ஏற்றினாள். மண்சாலை முடிந்த இடத்தில் வலப்பக்கம் வீடு, இடப்பக்கம் நெடுஞ்சாலை. வண்டியை நிறுத்தினாள். தான் எங்கே இருக்கிறோம் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பே தேனாக இனித்தது. திரும்பிப் போகாவிட்டால் என்ன? எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் முதுகுப்பக்கம் போட்ட முடிச்சு நினைவுக்கு வந்தது. ஒற்றைக் கையால் அவனால் அதை அவிழ்க்க முடியாது.

வலப்பக்கம் திருப்பினாள்.

வீட்டில் விளக்கில்லை. நாற்காலி நனைந்திருந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று ரூடி கேட்கவில்லை.

"கொம்புல எத்தனை கிளை?"

"எட்டு."

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன்."

அவள் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தாள். இறுகிப்போயிருந்தது, லேசில் அவிழவில்லை.

"அடுத்த வாரம் கொஞ்சம் தளத்திக் கட்டு புள்ள" என்றான் ரூடி. "மூச்சு முட்டுது."